குருகின் கூரையைப் பிரித்தவன்

கல்யாண போட்டோக்காரனுக்குக் கை சும்மா இருக்காது. மாலை ஒருபக்கம் சரிந்திருந்தால் ஏற்றிவிட வேண்டும். முன்னால் வந்து நிற்கிற சித்தியை இரண்டடி தள்ளி நிறுத்த வேண்டும். மணப்பெண்ணின் நெற்றியில் விழுந்த முடியை, அவள் அம்மாவைக் கூப்பிட்டு ஒதுக்கச் சொல்ல வேண்டும். மன்னார்குடியில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. இருப்பதை இருக்கிறபடி எடுப்பவன் அல்ல நான். எப்படி இருக்க வேண்டுமோ அப்படி ஆக்கிவிட்டு எடுப்பவன். இந்தப் பழக்கத்தோடு சிங்கப்பூர் போனதால் நடந்ததைத்தான் எழுதப்போகிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

என் பள்ளித் தோழன் செல்வம் இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு வேலைக்கென்று சிங்கப்பூர் போய், அங்கேயே குடியுரிமை வாங்கித் தங்கிவிட்டவன். அவன் மகளுக்குக் கல்யாணம். "நீ கேமராவத் தொடவே கூடாது. சாப்பிடுறதுக்கு மட்டும் வா" என்று போனிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். நானும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, சிராங்கூன் சாலைக் கோயிலில் முதல் வரிசையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தேன். தாலி கட்டுகிற நேரத்தில் பார்த்தால், படமெடுப்பவர் தப்பான பக்கத்தில் நிற்கிறார். என்னையறியாமல் எழுந்துபோய் அவர் தோளைப் பிடித்து ஓரடி நகர்த்திவிட்டேன். அவர் திரும்பி என்னிடம் "சாரி" என்றார். அந்த ஊரில் நாம் இடித்தாலும் இடிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்கிறார். செல்வம் மணமேடையிலிருந்தே என்னை முறைத்தான்.

முகூர்த்தம் இல்லாத நாட்களில் நான் வடுவூர் ஏரிக்குப் போய்விடுவேன். பத்து வருடமாகப் பறவைப் பைத்தியம். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நாமக்கோழி என்று படங்கள் குவிந்து கிடக்கின்றன. பாதிப் படங்களில் பறவையின் முதுகுதான் இருக்கும். மாவட்டத்துப் போட்டோக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு கண்காட்சியில் என் படங்களைக் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த ஒருவர், நான் பின்னால் நிற்பது தெரியாமல், "கொக்கு ரெண்டும் ரிசப்ஷன்ல நிக்கிற மாதிரி நிக்குது" என்று சொல்லிச் சிரித்தார். அது எனக்குள் முள்ளாகவே தங்கிவிட்டது. கூட்டில் குஞ்சுக்குத் தாய் இரை கொடுக்கிற படம் ஒன்று, ஒரே ஒன்று, எடுத்துவிட வேண்டும் என்ற வெறி அன்றிலிருந்துதான். சிங்கப்பூருக்கும் பெரிய லென்ஸை வேட்டியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். செல்வத்துக்குத் தெரியாது.

கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் குணசேகரன். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. சிங்கப்பூரிலேயே பிறந்தவர், கப்பல் பட்டறையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், வீடு கிளமெண்டியில். பாயசம் வருவதற்குள் என் போனில் இருந்த பறவைகளையெல்லாம் காட்டிவிட்டேன். கூழைக்கடா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர், குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நாளைக்கு ஃப்ரீயா? கிளமெண்டி ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. ஒண்ணு காட்டுறேன். ஆனா ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது லா." பேச்சின் வாலில் ஒரு 'லா' போடுவது அந்த ஊர்ப் பழக்கம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலைச் சாப்பாட்டுக்குத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். நான் தங்கியிருந்த லாட்ஜ் பக்கத்துச் சந்தில்தான் இருந்தது. கூட்டம் நெரிந்தது. ஒரு மேசை மட்டும் காலியாக இருந்தது, மேலே ஒரு டிஷ்யூ பேப்பர் பொட்டலம். யாரோ மறந்துவிட்டார்கள் என்று அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ரொட்டி பிராட்டாவைப் பிய்க்க ஆரம்பித்தேன். தட்டோடு வந்த ஓர் அம்மாள் என்னையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பொட்டலம் வைத்தால் இடம் பிடித்துவிட்டதாக அர்த்தமாம். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதேதான், கொஞ்சம் சுத்தபத்தமாக. வாயில் பரோட்டாவோடு எழுந்து வழிவிட்டேன்.

கிளமெண்டியில் ஸ்டேஷனுக்கு வெளியே குணசேகரன் தொப்பியும் கேமரா முக்காலியுமாக நின்றிருந்தார். போகிற வழியில் கால்வாய் ஒன்றின் ஓரமாக நடந்தோம். சாம்பல் நாரை ஒன்று, ஓடிக்கொண்டிருந்த மனிதர்களுக்குக் கைநீட்டும் தூரத்தில், ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர் மாதிரி சலிப்போடு நின்றுகொண்டிருந்தது. வடுவூரில் அந்த நாரையை எடுக்க நான் முட்டளவு சேற்றில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். இங்கே அதைச் சுற்றிப்போக வேண்டியிருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது, அதையும் ஒளிக்க விரும்பவில்லை.

அங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். எந்த இடம் என்று எழுதமாட்டேன். கூடு இருக்கிற இடத்தின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அந்த ஒரு சொல்லையாவது காப்பாற்றிக்கொள்கிறேன். குளம், குளத்தைச் சுற்றி ஆளுயரக் கோரை, நடுவில் பலகைகளால் போட்ட நடைபாலம் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

கரையில் ஒருவர் தோளில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு புல் வெட்டிக்கொண்டிருந்தார். முகம் முழுக்கத் துணி. எங்களைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துணியை இறக்கினார். நாற்பதைத் தாண்டிய முகம்.

"வாங்கண்ணே. ஊர்லேர்ந்து வந்திருக்காங்களா?"

"மன்னார்குடி" என்றேன்.

"நான் அறந்தாங்கி பக்கம்ணே. முருகானந்தம்."

அவர்தான் கூட்டைக் கண்டுபிடித்தவர். கரையோரக் கோரையை வெட்டிக்கொண்டு போகும்போது, ஒரு பறவை பறக்காமல் அலகை வானத்துக்கு நீட்டிக்கொண்டு குச்சி மாதிரி நின்றிருக்கிறது. இயந்திரத்தை அணைத்துவிட்டார். மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு, அந்த இடத்தில் இரண்டு மூங்கில் கழிகளை நட்டு, சிவப்புப் பிளாஸ்டிக் கயிற்றைக் குறுக்கே கட்டியிருந்தார். கூட வேலை செய்பவர்கள் தெரியாமல் வெட்டிவிடக் கூடாதே என்று. பிறகு, பறவை பார்க்க தினமும் வருகிற குணசேகரனிடமும் லிம் என்ற சீனப் பெரியவரிடமும் மட்டும் சொல்லியிருக்கிறார்.

மஞ்சள் குருகு, கொக்கு வகையில் சின்னது. வடுவூரில் மூன்று முறை பார்த்திருக்கிறேன், மூன்று முறையும் பறந்து போகும்போது.

"ரூல்ஸ் சொல்லிடுறேன் தம்பி" என்றார் குணசேகரன். "பலகைப் பாலத்துல நின்னுதான் எடுக்கணும். பத்து நிமிஷம். ஃபிளாஷ் கிடையாது. போன்ல பறவச் சத்தம் போட்டு அதக் கூப்பிடக் கூடாது. கீழ இறங்கவே கூடாது. ஓக்கேவா?"

"ஓக்கே அண்ணே" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பாலத்திலிருந்து கூடு தெரிந்தது, தெரியாமலும் இருந்தது. கோரைத் தாள்களை வளைத்து மடித்த ஒரு தட்டு. அதற்கு மேலே ஏழெட்டுத் தாள்கள் கவிந்திருந்தன. தாய் வந்து இறங்குவது தெரியும், வால் தெரியும், அப்புறம் பச்சை மட்டும்தான். இத்தனை தூரம் வந்து, இத்தனை பக்கத்தில் நின்று, மறுபடியும் முதுகுதான். எனக்கு அழுகை வராத குறை.

குணசேகரனுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. சத்தம் கூட்டுக்குக் கேட்கக் கூடாதென்று பாலத்தின் மறுமுனைக்கு நடந்தார். முருகானந்தமும் குளத்தின் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தார். தாய்க் குருகு அப்போதுதான் இரை தேடக் கிளம்பியது.

நான் இறங்கினேன்.

கணுக்கால் சேறு. கூட்டுக்குக் கையெட்டும் தூரத்தில் போய் நின்றேன். இடது கையால் அந்த ஏழெட்டுத் தாள்களை ஒதுக்கிப் பார்த்தேன். உள்ளே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஒரு கையால் தாள்களைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அந்த லென்ஸைத் தூக்க முடியாது. மூங்கில் கழியில் சுற்றியது போக ஒரு முழக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அதை அறுத்தேன். தாள்களைச் சேர்த்துப் பிடித்து, பக்கத்துக் கோரைக் கற்றையோடு இழுத்துக் கட்டினேன். படத்தை மறைக்கிற மணமேடைத் தோரணத்தை ஒதுக்கி இழுத்துக் கட்டுவேனே, அந்த முடிச்சு. யோசிக்கவே இல்லை. கை செய்தது. அந்தத் தாள்கள் கூட்டை மறைக்கவில்லை, கூட்டுக்குக் கூரையாக இருந்தன என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

பாலத்துக்கு ஏறி வந்து காத்திருந்தேன். தாய் வந்தது. ஐந்து நிமிடம், பத்து வருடமாகக் கனவில் கண்ட ஐந்து நிமிடம். தாயின் அலகுக்குள் குஞ்சின் அலகு நுழைவது வரைக்கும் எடுத்தேன்.  அது போனதும் இறங்கி அவிழ்த்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன், சத்தியமாக.

அதற்குள் இடி. அந்த ஊர் மழை நம் ஊர் மழை மாதிரி முன்னறிவிப்பெல்லாம் செய்வதில்லை. குணசேகரன் மறுமுனையிலிருந்து, "தம்பி, ஓடி வாங்க, மின்னல்!" என்று கத்தினார். கேமராவைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். பாலத்தைத் தாண்டி இருந்த ஒரு கொட்டகையில் ஒரு மணி நேரம் நின்றோம். மழை விடுவதாக இல்லை. பஸ் நிறுத்தம் வரை கூரை போட்ட நடைபாதை இருந்தது. அப்படியே கிளம்பிவிட்டோம். அந்த நேரத்தில் நான் யோசித்ததெல்லாம் லென்ஸுக்குள் ஈரம் போயிருக்குமோ என்பதுதான்.

சாயங்காலம் குணசேகரனே தேக்காவில் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். கேமராவைத் திருப்பி அவருக்குப் படங்களைக் காட்டினேன். பாலத்திலிருந்து முதலில் எடுத்தவற்றை மட்டும். வால் தெரிகிற படங்கள். மற்றதைக் காட்டினால் எப்படி எடுத்தாய் என்று கேட்பார்.

"நல்லாத்தான் வந்திருக்கு. இதுக்கு மேல ஆசப்படக் கூடாது லா" என்று என் முதுகில் தட்டினார்.

வீட்டுக்கு எடுத்துப்போக அவர் டீ வாங்கினார். அங்கே டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, தூக்கிக்கொண்டு போக வசதியாகச் சிவப்புக் கயிற்றில் சுருக்குப் போட்டுத் தருகிறார்கள். அந்தக் கயிற்றைப் பார்த்ததும்தான் எனக்கு நினைவு வந்தது. கோரையைக் கட்டியது கட்டியபடியே இருக்கிறது.

ஒரு வாக்கியம் போதும். "அண்ணே, ஒரு தப்புப் பண்ணிட்டேன்." இருட்ட இன்னும் நேரம் இருந்தது. மழை விட்டிருந்தது. அவர் உடனே எழுந்து டாக்ஸி பிடித்திருப்பார், எனக்குத் தெரியும். ஆனால் என் முதுகில் இப்போதுதான் தட்டிய கை அது. காலையில் எல்லோருக்கும் முன்னால் நானே போய் அவிழ்த்துவிடுகிறேன், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, பிரியாணியின் மிச்சத்தைச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

சனிக்கிழமை ஆறு மணிக்கே கிளம்பினேன். கிளமெண்டி வரை சரியாகப் போய்விட்டேன். பஸ் நிறுத்தத்தில்தான் வந்தது வினை. நான் போக வேண்டிய பஸ் வந்தது, என் முன்னால் வேகத்தைக் குறைக்காமல் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. காத்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்துவிட்டும் நிறுத்தாமல் போகிறார்களே என்று டிரைவர்களை வாய்க்குள் திட்டினேன். மூன்றாவது பஸ் வரும்போது பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எனக்காகக் கையை நீட்டினார். பஸ் நின்றது. கை காட்டினால்தான் நிற்குமாம். நம் ஊரில் கை காட்டினாலும் நிற்காது, காட்டாவிட்டாலும் ஏறிக்கொள்வோம். இறங்கும்போது எட்டரை. பஸ் மேல் பழியைப் போட்டுவிடலாமா என்று பிறகு பல தடவை பார்த்தேன். முடியவில்லை. விஷயம் ஏழு மணிக்கே முடிந்துபோயிருந்தது.

பாலத்தில் குணசேகரன் நின்றிருந்தார். பக்கத்தில் இருந்தவர் லிம்மாகத்தான் இருக்க வேண்டும். எழுபது வயது, கையில் பழைய கேமரா, முகம் சிவந்திருந்தது. கரையில் முருகானந்தமும் மேற்பார்வையாளரும்.

"காக்கா தம்பி" என்றார் குணசேகரன். "லிம் வரும்போது கடைசிக் குஞ்சத் தூக்கிட்டுப் போயிருக்கு. கண்ணால பாத்திருக்காரு."

கூடு திறந்து கிடந்தது. நேற்று என் லென்ஸுக்குத் தெரிந்த அதே தெளிவோடு காக்கைக்கும் தெரிந்திருக்கிறது. தாய்க் குருகு கூட்டின் விளிம்பில் நின்றிருந்தது. கழுத்தை நீட்டி, அலகை வானத்துக்குத் தூக்கி, காற்றுக்குக் கோரை அசைவது போலவே மெல்ல அசைந்துகொண்டு. சுற்றிலும் கோரை இல்லை. மறைய எதுவுமே இல்லாத இடத்தில், மறைந்திருப்பதாக நினைத்துக்கொண்டு நின்றது. நான் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

லிம் கோபத்தோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது இதுதான்: "கயிறு யாருடையது என்று பாருங்கள். புல் வெட்டுகிறவர்கள் கட்டிய அதே சிவப்புக் கயிறு. வெட்டுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று கோரையை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மூன்று வாரம் காப்பாற்றி, கடைசியில் சோம்பேறித்தனத்தால் கொன்றுவிட்டார்கள்."

முருகானந்தம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூங்கிலைக் காட்டினார், கயிற்றைக் காட்டினார், கோரையைக் காட்டிக் கையை விரித்தார். மேற்பார்வையாளர் அதைக் கேட்காமல் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும். புரியாதவன் மாதிரி கோரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் முருகானந்தம் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது.

"அண்ணே, நீங்களும் நேத்து இருந்தீங்கள்ல? நான் அந்தப் பக்கம் போயிட்டேன். மழை வர்ற வரைக்கும் கயிறு மூங்கில்லதானே இருந்துச்சு? கோரையெல்லாம் கட்டாமத்தானே இருந்துச்சு? நீங்களே சொல்லுங்கண்ணே."

குணசேகரன் என் பக்கம் திரும்பினார். லிம்மும் திரும்பினார்.

"நான் சரியா கவனிக்கலீங்க" என்றேன்.

பறவை எங்கே உட்காரும் என்று அரை மணி நேரம் முன்பே கவனிக்கிறவன். மாப்பிள்ளையின் சட்டையில் ஒரு பொத்தான் பிரிந்திருந்தால் இருபதடி தூரத்திலிருந்து கவனிக்கிறவன். அப்படிப்பட்டவன் சொன்னது அது.

 "பரவால்லண்ணே" என்றார் முருகானந்தம். பிறகு குனிந்து சேற்றில் இறங்கி, நான் போட்ட முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். மழையில் இறுகியிருந்தது. கத்தியால்தான் அறுக்க வேண்டியிருந்தது. தாள்கள் நிமிரவில்லை.

அன்றைய மீதிப் பொழுதில் செல்வம் என்னை ஊர் சுற்றிக் காட்டினான். உயரமான கட்டடங்கள், கடலோரம், கண்ணாடி வீட்டுக்குள் அருவி. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். "என்னடா, வயிறு சரியில்லையா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். மோர் வாங்கிக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, ஊர் திரும்பும் நாள். மத்தியானம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது குணசேகரன் போன் செய்தார்.

"தம்பி, பத்திரமாப் போயிட்டு வாங்க. ஒரு விஷயம் மனசு கேக்கல. முருகானந்தத்த அந்தக் கொளத்து வேலைலேர்ந்து எடுத்துட்டாங்க. நாளையிலேர்ந்து எக்ஸ்பிரஸ்வே ஓரம் வெட்டணுமாம், வார்னிங் வேற. அவன் செஞ்சிருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும் லா. ஆனா வேற யார் செஞ்சிருப்பா? அதான் எனக்கு விளங்கல."

அவருக்கு என் மேல் சந்தேகத்தின் நிழல்கூட விழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன் போல.

"அண்ணே, நான்தான் கட்டுனேன்" என்றேன்.

மறுமுனையில் பஸ் போகிற சத்தம் கேட்டது. 

"எங்க இருக்கீங்க?"

"லாட்ஜுலண்ணே."

"தேக்காவுக்கு வாங்க. கெளம்பிட்டேன்."

முக்கால் மணி நேரத்தில் வந்தார். தொப்பி இல்லை, தலை சீவவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "வெள்ளிக்கெழம சாயங்காலம் இதே எடத்துலதான சாப்ட்டோம்?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப ஞாபகம் வந்துச்சா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

தன் போனை என் கையில் கொடுத்தார். லிம்முக்கும் மேற்பார்வையாளருக்கும் நானே எழுத வேண்டும். எழுதினேன். கோரையைக் கட்டியது நான், கயிற்றை மூங்கிலிலிருந்து அறுத்ததும் நான், முருகானந்தத்துக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, நேற்று கேட்டபோது பொய் சொன்னேன் என்று. பெயரும் ஊரும் போட்டேன். மேற்பார்வையாளரிடமிருந்து உடனே பதில் வந்தது. 'பார்த்தோம், நன்றி' என்று இரண்டே வார்த்தை. முருகானந்தத்தைத் திரும்ப அந்த இடத்துக்கு விடுவார்களா என்று குணசேகரனிடம் கேட்டேன். "தெரியாது" என்றார். லிம்மிடமிருந்து பதிலே வரவில்லை.

"வாங்க. அவன்கிட்ட நீங்கதான் சொல்லணும்" என்று முன்னால் நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா முழுக்க நம் ஊர் ஆண்கள்தான். கட்டட வேலைக்காரர்கள், கப்பல் பட்டறைக்காரர்கள், வாரத்தில் ஒருநாள் சலவைச் சட்டை போட்டுக்கொள்பவர்கள். கையில் காய்கறிப் பையோடு புல்வெளியில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தஞ்சாவூர் ஜங்ஷன் மாதிரி இருந்தது, பேச்சுக்கூட அதேதான். போனில் ஒருவர், "வாத்தியாருகிட்ட நான் பேசுறேன், நீ அழாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முருகானந்தம் ஒரு வட்டத்தில் இருந்தார். குணசேகரனைப் பார்த்ததும் எழுந்து, பின்புறத்தில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தும் சிரித்தார்.

"ஊருக்குக் கெளம்பிட்டீங்களாண்ணே?"

சொன்னேன். நின்றுகொண்டே, அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். 

"தெரியாமச் செஞ்சிருப்பீங்க" என்றார் மெதுவாக.

"கட்டுனது தெரியாமதாங்க. கவனிக்கலன்னு சொன்னது தெரிஞ்சேதான்."

அவர் குணசேகரனைப் பார்த்தார். குணசேகரன் வேறு பக்கம் பார்த்தார். முருகானந்தம் காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பரவாயில்லை என்று இந்த முறை அவர் சொல்லவில்லை. எனக்கும் அவர் சொல்லிவிடக் கூடாது என்றுதான் இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்து கேமராவை எடுத்தேன். "இந்தப் படத்தையெல்லாம் உங்க முன்னாடியே அழிச்சிடுறேங்க" என்றேன். பெரிய தியாகம் செய்வது போலத்தான் குரல் வந்தது. அதுவும் எனக்கே கேட்டது.

அவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்கண்ணே, அழிக்காதீங்க. எத்தன குஞ்சு?"

எனக்குப் புரியவில்லை.

"மூணு வாரமா அங்கதான் வெட்டுறேன். ஒருநாளும் எட்டிப் பாக்கல. நாம பாத்தா தாய் பயந்துக்கும்ல. சத்தத்த வச்சுத்தான், ரெண்டா நாலான்னு எங்களுக்குள்ள பேசிக்குவோம்."

"மூணு" என்றேன்.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கேமராவை வாங்கினார். சாயங்கால வெயில் திரையில் அடித்தது. உடம்பைத் திருப்பி நிழல் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் தொடாமல் விரலை மேலே வைத்து, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இதுல ஒண்ணு ரொம்பக் கத்தும்ணே. தாய் வந்து குடுத்துட்டுப் போனப்புறமும், மத்ததெல்லாம் அடங்கினப்புறமும், அது மட்டும் கத்திக்கிட்டே கெடக்கும். மெஷின நிப்பாட்டுனா கேக்கும். இதுல எதுண்ணே அது?"

அந்தக் கூட்டை அறுபத்து மூன்று படம் எடுத்திருந்தேன். ஒரு குஞ்சின் சத்தமும் என் காதில் விழுந்திருக்கவில்லை.